சூளையில் தொலையும் எடை

ஆறாம் வகுப்பு அறிவியலில் மீள் மாற்றம், மீளா மாற்றம் என்று ஒரு பகுதி வருகிறது. பனிக்கட்டி உருகுவது முதல் வகை, காகிதம் எரிவது இரண்டாம் வகை என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். தமிழ்நாடு முழுவதும் பிள்ளைகள் படிக்கும் அதே பாடத்தைத்தான் விருத்தாசலத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊரில் மீளா மாற்றம் என்பது அன்றாடத் தொழில். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண்ணை நம்பி எழுந்த செராமிக் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. பியூஸ் கேரியர், மின்கம்பிக்கான பீங்கான், அகல் விளக்கு, பொம்மை என்று பலவும் அங்கே சூளை ஏறி இறங்குகின்றன. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் டிப்ளமோ கல்வி நிலையமும் அந்த ஊரில்தான் உள்ளது. சூளைக்குள் போகுமுன் தண்ணீரில் போட்டால் குழைந்து சேறாகிவிடும் ஒரு பொருள், வெந்து வந்த பிறகு ஆண்டுக்கணக்கில் ஊறினாலும் கரைவதில்லை. இவ்வளவு வேதியியல் ஊருக்குள்ளேயே நடக்கும்போது அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் பிள்ளைகளின் அறிவியல் அறிவு கூடுமா? கூடும் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தானாகக் கூடிவிடாது. எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது.

பிள்ளைகளைச் சூளைக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினால் போதும் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். கண்ணால் பார்த்தது மனத்தில் நிற்கும் என்பது நம் பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசூரும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வகுப்பில் ஆசிரியர் ஒரு சோதனையைச் செய்து காட்டுகிறார். சில மாணவர்கள் அதை வெறுமனே பார்க்கிறார்கள். சிலருக்கு அந்தச் சோதனையே காட்டப்படுவதில்லை. பின்னர் கேள்வி கேட்டபோது, பார்த்தவர்கள் அதன் அடிப்படைத் தத்துவத்தைப் பார்க்காதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை. மூன்றாவதாக ஒரு குழு இருந்தது. சோதனையைப் பார்ப்பதற்கு முன்பே என்ன நடக்கும் என்று தங்கள் கணிப்பைப் பதிவு செய்தவர்கள் அவர்கள். அவர்களுடைய புரிதல் தெளிவாகவே மேம்பட்டிருந்தது. இதற்குக் கூடுதலாகச் செலவான நேரம் இரண்டு நிமிட அளவுதான். கல்விச் சுற்றுலா போய்வந்து கட்டுரை எழுதும் நம் பள்ளி வழக்கத்தை இந்த முடிவோடு சேர்த்து யோசிக்க வேண்டும். சூளையைப் பார்த்தான் என்பதாலேயே ஒரு மாணவன் சூளையைப் புரிந்துகொண்டான் என்று ஆகிவிடாது.

கணிப்பு ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோசலிண்ட் டிரைவர் என்ற கல்வியாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பாடம் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு குழந்தையிடமும் இயற்கையைப் பற்றிச் சொந்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பேசாமல் பாடம் நடத்தினால், புத்தக விளக்கம் தேர்வுக்கு, சொந்த விளக்கம் வாழ்க்கைக்கு என்று இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே மனத்தில் குடியிருக்கும். முன்கூட்டியே கணிக்கச் சொல்லும்போது அந்தச் சொந்த விளக்கம் நோட்டில் எழுத்தாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. நடப்பது வேறாக இருந்தால் அதைப் பார்க்காததுபோல் தாண்டிப் போக முடியாது.

விருத்தாசலத்துக் களிமண்ணில் இதை ஒரு பாடமாகவே அமைக்கலாம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிறிய பொருள்கள் போதும். இரண்டையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு நீரின் கொதிநிலைக்குச் சற்று மேலான சூட்டில் வைத்து எடுத்து எடை போடவேண்டும். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றைச் சூளைக்கு அனுப்பவேண்டும். வெந்து வரும் பொருளின் எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, அப்படியே இருக்குமா? ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதட்டும். கெட்டியாகிவிடுவதால் எடை கூடும் என்று சில பிள்ளைகள் எழுதலாம். நெருப்பால் எடை மாறாது என்று சிலர் எழுதலாம். தராசு காட்டுவது எடைக் குறைவு. தண்ணீர் ஆவியாகிவிட்டது என்ற பதில் உடனே வரும். இங்கேதான் ஆசிரியர் அவசரப்படாமல் நிற்கவேண்டும். ஈரம் முழுவதையும் முன்பே போக்கிவிட்டோமே, பிறகு எந்தத் தண்ணீர் போனது? இந்தக் கேள்வியில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே தங்கியிருந்த ஈரம் வேறு. களிமண் என்ற சேர்மத்தின் அமைப்புக்குள்ளேயே ஹைட்ராக்சில் தொகுதிகளாகக் கட்டுண்டிருப்பது வேறு. வெண்களிமண்ணின் முக்கியக் கனிமமான கயோலினைட் சுமார் 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் அந்தக் கட்டுண்ட நீரை இழக்கிறது. ஈரம் போன பொருளை மீண்டும் நனைத்தால் பழைய களிமண் கிடைக்கும். கட்டுண்ட நீர் போன பொருள் வேறொரு பொருளாகிவிட்டது. மீள் மாற்றத்துக்கும் மீளா மாற்றத்துக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகப் பனிக்கட்டியும் காகிதமும் காட்டுவதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் இதே பொருளைக் கொண்டு கணக்கும் போடலாம். கயோலினைட்டின் வாய்பாட்டை எழுதி மூலக்கூறு நிறையைக் கூட்டினால் 258 வரும். அதிலிருந்து வெளியேறும் இரண்டு நீர் மூலக்கூறுகளின் நிறை 36. ஆக, தூய கயோலினைட் 100 கிராம் வெந்தால் ஏறக்குறைய 14 கிராம் குறையவேண்டும். பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்கின்றன. களிமண் பாதி என்று வைத்துக்கொண்டால் குறைவு 7 கிராம் அளவில் இருக்கவேண்டும். தராசு காட்டும் எண் இதோடு அப்படியே பொருந்தாமல் போகலாம். மண்ணில் கலந்திருந்த கரிமப் பொருள் எரிந்திருக்கலாம், கலவை விகிதம் வேறாக இருந்திருக்கலாம். கணக்குக்கும் தராசுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பேசும் வகுப்பில்தான் அறிவியல் எப்படிச் செய்யப்படுகிறது என்று பிள்ளைகளுக்கு முதன்முதலாகத் தெரியவரும். மோல் கணக்கை வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த அனுபவம் கிடைக்க வழியில்லை.

சூளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். 2025இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்விக்கு மிகவும் பொருந்தும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலைசெய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர்களை ஆராய்ந்தார்கள். பல பொருள்களின் விலையை மனக்கணக்காகவே பெருக்கிக் கூட்டி, சரியாகச் சில்லறை கொடுத்தவர்கள் அந்தச் சிறுவர்கள். அதே வகைக் கணக்கைப் பள்ளிப் பாட வடிவில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளின் நிலை நேர்மாறானது. எழுத்துக் கணக்கு அவர்களுக்கு ஓரளவு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. இந்த அறிவும் அந்த அறிவும் ஒரே கணிதம்தான். ஆனால் தானாக ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. சூளையைத் திறக்கும் முன் எவ்வளவு நேரம் ஆறவிடவேண்டும், அவசரப்பட்டால் ஏன் விரிசல் விழும் என்பது வீட்டுப் பேச்சாகவே தெரிந்த ஒரு சிறுமி, வெப்பத்தால் திண்மங்கள் விரிவடைதல் என்ற தலைப்பில் அதை எழுதலாம் என்று அறியாமலே இருக்கக்கூடும். சுமார் 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி அதன் பருமன் சட்டென்று மாறுகிறது என்று ஆசிரியர் சொல்லும் நாளில்தான், வீட்டில் கேட்டதும் புத்தகத்தில் படித்ததும் அவளுக்கு ஒன்றாகும். அந்த இணைப்பைச் செய்துதருவது பள்ளியின் கடமை.

ஊர்த் தொழிலையும் பள்ளியையும் சேர்த்துப் பேசினாலே தமிழ்நாட்டில் ஓர் ஐயம் எழும். எழவும் வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்துப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் நடத்திய போராட்டமும், 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டதும் நம் கல்வி வரலாற்றின் திருப்புமுனைகள். மண்பாண்டம் செய்பவர் மகன் மண்ணையே பிசையட்டும் என்ற எண்ணத்தின் நிழல்கூட இந்தப் பாடத்தின்மேல் படக்கூடாது. நான் சொல்லும் முறையில் எந்தப் பிள்ளைக்கும் பானை வனையக் கற்றுத்தருவதில்லை. வங்கி ஊழியரின் மகளும் சூளைத் தொழிலாளியின் மகனும் ஒரே மேசையில் ஒரே பொருளை எடைபோடுகிறார்கள். இருவரும் கற்பது வேதியியல். அதைக் கொண்டு இருவரும் மருத்துவராகலாம், வழக்கறிஞராகலாம், விரும்பினால் செராமிக் பொறியாளரும் ஆகலாம். பாடநேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை. உண்மையில் இன்றைய மனப்பாட முறைதான், டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளையை அறிவியலிலிருந்து வெளியே தள்ளுகிறது.

இன்னொரு எதிர்ப்பு ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது, அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பொருளைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டால் பெரும்பாலோர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. அமெரிக்காவில் டேவிட் கிளார், மிலேனா நிகாம் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளைப் பற்றியது. ஒரு சோதனையில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைக்கவேண்டும் என்பதை ஆசிரியர் நேரடியாக விளக்கிய குழுவில் 77 விழுக்காட்டினர் கற்றுக்கொண்டார்கள். தாங்களாகவே கண்டறியும்படி விடப்பட்ட குழுவில் 23 விழுக்காட்டினர்தான். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் ஆசிரியர் ஒதுங்கி நின்றுவிட்டால் இதுவே நடக்கும். களிமண் பாடத்தில் எடை ஏன் குறைந்தது என்பதைப் பிள்ளைகள் தாமே ஊகித்து ஹைட்ராக்சில் தொகுதிவரை போய்ச் சேரமாட்டார்கள். ஆசிரியர்தான் சொல்லவேண்டும். கணிப்பும் தராசும் அந்த விளக்கத்துக்கான தேவையைப் பிள்ளைகளின் மனத்தில் உண்டாக்குகின்றன, அவ்வளவே. விளக்கம் வரவேண்டிய சரியான நேரத்தை அறிவது ஆசிரியரின் திறமை. எந்தப் புத்தகமும் அதைச் செய்ய முடியாது.

ஆசிரியர்கள் சொல்லும் தடை வேறு: நேரமில்லை, பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும், பொதுத்தேர்வு இருக்கிறது. பெற்றோரும் கேள்வி கேட்பார்கள். இப்படிக் கற்பித்தால் தேர்ச்சி குறையாது என்பதற்குக் கல்லூரி அளவில் சான்றுகள் உள்ளன. ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்கள் விவாதித்தும் செய்தும் கற்ற வகுப்புகளில் அது 21.8 விழுக்காடு. அதே சமயம் ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இப்படிக் கற்ற மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும், குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோல் இருக்கிறது, யோசிக்க வைக்கும் வகுப்பு சிரமமாக இருக்கிறது. மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இதை வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் மாணவர்களின் நிலையோ அவசரமானது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வின் 2009 சுற்றின் தொடர்ச்சியில் தமிழ்நாட்டின் 15 வயது மாணவர்கள் பங்கேற்றபோது அறிவியலில் கிடைத்த சராசரி 348 புள்ளிகள். வளர்ந்த நாடுகளின் சராசரி 501. அந்தத் தேர்வு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத வகை என்று சொல்லப்பட்டது. உண்மைதான். தெரிந்த அறிவியலைப் புதிய சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்வி அவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருப்பதுதானே பிரச்சினை.

தேர்வை மாற்றாமல் கற்பித்தலை மட்டும் மாற்ற முடியாது என்பதை மத்தியப் பிரதேசம் காட்டியிருக்கிறது. 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் அறிவியல் கற்பித்தல் திட்டமொன்றைத் தொடங்கின. மலிவான, உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பிள்ளைகள் சோதனை செய்தார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு அமர்ந்து பாடம் எழுதினார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. பின்னர் ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. ஓர் ஆணையால் முடிந்துபோனாலும், சாதாரண அரசுப் பள்ளியில் சாதாரண ஆசிரியரைக் கொண்டு இது நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று நம் நாட்டில் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் கொண்டுசென்ற தமிழ்நாட்டுக்கு இந்தத் துணிச்சல் புதிதும் அல்ல.

விருத்தாசலத்தில் தொடங்குவதற்குச் சிறுவர்களைத் தொழிற்கூடத்துக்குள் அழைத்துப்போக வேண்டியதில்லை. அழைத்துப்போகவும் கூடாது என்பேன். குவார்ட்ஸ் தூசு நுரையீரலைக் கெடுக்கும், சிலிகோசிஸ் என்ற நோய் செராமிக் தொழிலில் அறியப்பட்ட ஆபத்து. பொருள்கள்தான் பள்ளிக்கு வரவேண்டும்: வார்த்துக் காய்ந்தது, வெந்தது, மெருகேற்றியது, விரிசல் விட்டதால் ஒதுக்கப்பட்டது. செராமிக் கல்வி நிலையத்தின் டிப்ளமோ மாணவர்கள், கலவை விகிதமும் வெந்த வெப்பநிலையும் குறித்த சிறு மாதிரிகளைத் தங்கள் பயிற்சியின் பகுதியாகவே செய்து ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பெட்டி தரலாம். வட்டாரத்து அறிவியல் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் என்ன கணிப்பு எழுதினார்கள் என்று நோட்டுகளைப் பரிமாறிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வி, காய்ந்த மண்ணின் எடையையும் வெந்த மண்ணின் எடையையும் கொடுத்து, போன எடை எங்கே போனது என்று காரணத்தோடு விளக்கச் சொன்னால், அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் வகுப்புகளில் தராசு வெளியே வரும்.