தீர்ப்புக்குப் பின்னும் தீராத கடன்

மணமுறிவு வழக்கு என்றதும் பிரிந்து நிற்கும் கணவன் மனைவியையும், நடுவே தவிக்கும் குழந்தைகளையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். அந்த வழக்கை நடத்திய பணம் எங்கிருந்து வந்தது, அது யாரை இன்னும் விடாமல் பற்றி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தாமிரபரணிக் கரையில் காரையும் பிசானத்தையும் நம்பி வாழும் குடும்பங்களுக்குச் சொத்து என்று இருப்பவை பெரும்பாலும் சிறிது வயலும் ஒரு வீடுமே. வழக்குச் செலவுக்கு முதலில் நகை போகும். அடுத்துப் போவது வீட்டுப் பத்திரம். தீர்ப்பு வந்து பல்லாண்டுகள் கழிந்து, மகளின் திருமணத்திற்காகவோ பாகப் பிரிவினைக்காகவோ சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கும்போது, மறந்துபோன அந்த அடமானம் ஏட்டில் உயிரோடு நிற்கக் காண்கிறோம்.

செலவு பெருகியது ஏன்?

நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டம் 1869-இல் பிறந்தது. மனைவியின் பிறழ்நடத்தை ஒன்றை மெய்ப்பித்தாலே கணவனுக்கு மணமுறிவு கிடைத்தது. மனைவியோ பெரும்பாலும் அத்துடன் கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மாவட்ட நீதிபதி மணமுறிவு வழங்கினாலும் உயர்நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது செல்லும். மதுரைக் கிளை தோன்றியதே 2004-இல்தான். ஆகவே திருநெல்வேலியில் பெற்ற தீர்ப்பு சென்னைக்குப் பயணமாக வேண்டியிருந்தது. சாட்சிகள், நகல்கள், பயணங்கள், வாய்தாக்கள் என ஒவ்வொன்றும் வீட்டின் மேல் ஏறிய கடனே.

2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வநீதியைப் பெரிதும் நீக்கியது. கணவனுக்கும் மனைவிக்கும் காரணங்கள் சமமாயின. உயர்நீதிமன்ற உறுதிப்பாடு தேவையற்றதாயிற்று. வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்கு வேண்டிய வழக்குச் செலவையும் பிழைப்பூதியத்தையும் கணவன் தரவேண்டும் என்று கேட்கும் மனுவை, அவனுக்கு அறிவிப்புச் சார்வான 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இவ்வுரிமையை அறியாமல் வீட்டை அடமானம் வைத்துவிடும் சகோதரிகள் இருக்கலாகாது.

கடல் கடந்த ஒரு பாடம்

இங்கிலாந்தில் ஏழைகளுக்கு அரசே வழக்குச் செலவு தரும் திட்டம் 1949-இல் சட்டமாயிற்று. ஆனால் வழக்கில் ஒருவர் பெற்ற சொத்தின் மீது அச்செலவு பொறுப்பாக ஏறும். ஹான்லன் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற சான்று. மணமுறிவில் குடும்ப வீடு மனைவிக்குக் கிடைத்தது. வீட்டுக் கடன் போக அதன் மதிப்பு சுமார் 10,000 பவுண்டு. வழக்குச் செலவோ சுமார் 8,000 பவுண்டு! அந்தப் பொறுப்பு வீட்டின் மீது செல்லும் என்றே 1980-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உடனே வீட்டை விற்க வேண்டியதில்லை, வசூலை ஒத்திவைக்கலாம் என்பதே அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

ஒத்திவைப்பும் இலவசமன்று. இன்று அங்கே அதற்கு ஆண்டுக்கு 8 சதவீதம் தனிவட்டி. பன்னிரண்டரை ஆண்டுகளில் வட்டியே அசலுக்குச் சமமாகிவிடும். வீடு வென்றவர் வீட்டையே மெல்ல மெல்ல இழக்கலாம் என்பதன்றோ இதன் பொருள்?

நாம் அறிய வேண்டியவை

நம் நாட்டில் எதிர்த் தரப்புக்குச் செலவுத்தொகை தரும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தால், 12 ஆண்டுகள் வரை அதை நிறைவேற்றக் கோரலாம். எனினும் உழவரோ தொழிலாளியோ வீட்டு வேலையாளோ தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை அத்தொகைக்காக ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. அதே வீட்டைத் தாமே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு உதவாது. கையெழுத்திடுமுன் இவ்வேறுபாட்டை உணர வேண்டும்.

அடமானக் கடனுக்கு, பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் கடன் கொடுத்தவர் வழக்கிடலாம். இடையில் எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டால் காலக்கெடு புதிதாகத் தொடங்கும். ஒத்தியாக வீட்டை ஒப்படைத்தவர் அஞ்ச வேண்டாம். ஆண்டுகள் கழிந்ததனால் மட்டும் மீட்கும் உரிமை அழியாது என உச்சநீதிமன்றம் 2014-இல் தெளிவாக்கியது.

பணத்தைக் கட்டியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுவதே பலருக்கு நேரும் இடர். பத்திரத்தைத் திரும்பப் பெறுவதோடு, கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்ய வேண்டும்; அதைக் கேட்க அடமானம் வைத்தவருக்குச் சட்டப்படி உரிமையுண்டு. கடன் கொடுத்தவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் அனைவரையும் தேடிக் கையெழுத்து வாங்க நேரிடும். அவர்களுள் ஒருவர் மும்பையிலும் ஒருவர் வளைகுடாவிலும் இருந்தால் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளதையும் நினைவில் கொள்வோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டாமல் வட்டிக்காரரின் கதவைத் தட்டுவானேன்?

திருச்சபையின் நெறி

முறையாக நிகழ்ந்து நிறைவுற்ற திருமணப் பிணைப்பை எந்த மனித அதிகாரமும் அவிழ்க்க முடியாது என்பது நம் விசுவாசம். ஆயினும் பிள்ளைகளைக் காக்கவும் சட்ட உரிமைகளைப் பேணவும் வேறு வழியில்லாதபோது குடிமைச் சட்ட மணமுறிவை நாடுவது பாவமன்று எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. திருச்சபை நீதிமன்றம் திருமணம் செல்லாதெனத் தீர்ப்பளித்தாலும் நாட்டுச் சட்டத்தில் அது மணமுறிவாகாது என 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஆகவே சிலருக்கு இரு நீதிமன்றங்களிலும் நிற்க வேண்டிய நிலை. அவர்களின் சுமையை உணர்ந்தே, திருச்சபை நீதிமன்ற நடவடிக்கைகள் இயன்றவரை இலவசமாக இருக்க வேண்டுமெனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் பணித்தார்.

வழக்காட வருபவனோடு வழியிலேயே உடன்பாடு செய்துகொள்ளுமாறு நம் ஆண்டவர் மலைப்பொழிவில் அறிவுறுத்தியதை அனைவரும் அறிவோம். கடைசிக் காசுவரை கொடுக்க நேரும் துயரத்தை அவர் அறிந்திருந்தார். பிரிவு தவிர்க்க இயலாததாயினும் பகையைத் தவிர்க்கலாம். பகை குறைந்தால் செலவும் குறையும். பங்கு மக்களாகிய நாமும் வழக்கைத் தூண்டிவிடும் வாயாக இராமல், சமரசத்திற்கு அழைத்துச் செல்லும் கையாக இருப்போம்.

வீட்டில் பழைய அடமானம் ஏதேனும் இருந்ததாக நினைவுள்ளவர்கள், பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்து அதைத் தீர்த்துவிடுவது நலம். பெற்றோரின் கசப்பைப் பிள்ளைகள் சுமந்தது போதும். அவர்களுடைய வழக்குக் கடனையும் சுமக்க வேண்டாம்.