படகு சிறியது, தீவு அதைவிடச் சிறியது

தெற்கு தில்லியின் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அந்தமான் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனாலும் இந்த அரசுக் குடியிருப்புக்கும் அந்தத் தீவுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊர்ப் பயணத்துக்கான எல்டிசி என்னும் விடுப்புப் பயணச் சலுகையை மாற்றிக்கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் போய்வரலாம். வழக்கமாக விமானப் பயணத் தகுதி இல்லாத ஊழியர்களுக்கும் இது பொருந்தும். தீவுகளில் எந்தத் திட்டம் வரலாம், எது கூடாது என்று ஆராய்ந்து அனுமதி தரும் சுற்றுச்சூழல் அமைச்சகமோ, அதிக தூரமில்லாத ஜோர் பாக் சாலையில், இந்திரா பர்யாவரண் பவனில் இருக்கிறது. தீவுக்குப் போகிறவர்களிலும் தீவைப் பற்றி முடிவெடுக்கிறவர்களிலும் பலர் தில்லியில் வாழ்கிறார்கள். ஆகவே தீவுகளைக் கெடுக்காமல் பார்ப்பது எப்படி என்ற கேள்வி தில்லிக்காரர்களின் கேள்வியும்கூட. இதற்கு உலகெங்கும் இன்று சொல்லப்படும் விடை, சிறு குழுவாக, சிறிய கப்பலில், பொறுப்போடு போவது என்பதே. இந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. குழு சிறியதாக இருப்பதால் மட்டும் எந்தத் தீவும் பிழைப்பதில்லை. ஒரு தீவு ஒரு நாளில், ஓர் ஆண்டில் எத்தனை பேரைத் தாங்கும் என்ற உச்சவரம்பை முதலில் வகுத்து, அதைக் கறாராகக் காத்தால்தான் பிழைக்கும்.

தீவு உயிர்கள் ஏன் இவ்வளவு எளிதில் அழிகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். 1500-ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகில் அற்றுப்போன பறவையினங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது தீவுகளைச் சேர்ந்தவை. நார்கொண்டாம் இருவாச்சி உலகிலேயே ஒரே ஒரு தீவில்தான் இருக்கிறது. அந்தமானுக்குக் கிழக்கே உள்ள அந்தத் தீவின் பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர். பறவைகளின் எண்ணிக்கை ஆயிரத்தையொட்டி இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அங்கே ஒரு நோயோ காட்டுத்தீயோ வந்தால் அவை தப்பிப் போக வேறு காடு இல்லை. வெளியிலிருந்து வரும் உயிரினங்களுக்கு ஈடுகொடுக்கும் தற்காப்பும் தீவு உயிர்களிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அந்தமானில் விடப்பட்ட புள்ளிமான்கள், அவற்றை வேட்டையாட விலங்கு எதுவும் இல்லாததால் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன. மர நிறுவனம் ஒன்று 1960-களில் தொழிலை மூடியபோது இன்டர்வியூ தீவில் விட்டுச் சென்ற யானைகளும் அந்தத் தீவின் காட்டையே மாற்றிவிட்டன. பெருநிலத்திலிருந்து வந்த பெரிய தவளை இனம் ஒன்றின் தலைப்பிரட்டைகள், அந்தமானுக்கே உரிய தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. நம் மன்னார் வளைகுடாவில், வணிகத்துக்காக மண்டபம் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட காப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இந்தச் சேதங்களில் எதையும் சுற்றுலாப் பயணிகள் செய்யவில்லை. ஆனால் இவை பயணிகளுக்கும் ஒரு பாடம் சொல்கின்றன. தீவுக்கு வரும் கேடு இரண்டு வகை. ஒன்று, நுழைவதால் வருவது. காலணியில் ஒட்டிய விதை, உணவுப் பெட்டியில் ஒளிந்த எலி, கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிய உயிர் ஆகியவற்றில் ஒன்று போதும். பத்துப் பேர் கொண்ட குழுவும் அதைக் கொண்டுவரக்கூடும். மற்றொன்று, எண்ணிக்கையால் சேர்வது; மிதிபடும் பவளம், நங்கூரம் கிழிக்கும் கடற்புல், இயந்திர இரைச்சல், கழிவு நீர். ஒரு குழுவின் பங்கு இதில் சிறிதாகத் தெரியும். நூறு குழுக்களின் பங்கு சேர்ந்துவிடும். முதல் வகைக் கேட்டைத் தடுப்பது சோதனையும் சுத்தமும். இரண்டாவதைத் தடுப்பது மொத்தக் கணக்கு. குழுவின் அளவு இரண்டுக்குமே நேரடி மருந்து இல்லை.

கப்பல் வழிப் பயணத்துக்கென்று ஓர் உண்மையான நன்மை உண்டு. தங்குமிடம், குடிநீர், கழிப்பறை ஆகிய மூன்றின் சுமையையும் அது தீவின் தோளிலிருந்து இறக்கிவிடும். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. லட்சத்தீவு நிர்வாகத்தின் ‘சமுத்திரம்’ சுற்றுலா, எம்.வி. கவரத்தி கப்பலில் பயணிகளைக் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளுக்கு அழைத்துச் செல்லும் வகையில் அமைக்கப்பட்டது. பகலில் தீவு, இரவில் கப்பல். பவளத் தீவில் நன்னீர் என்பது மணலுக்கடியில், உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. அளவுக்கு மேல் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும். கழிவு நீர் இறங்கினால் அதே கிணறு கெடும். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைக்க வேண்டிவந்தது இந்தத் தட்டுப்பாட்டால்தான். அந்தமானிலும் கடல்வழி பயன்பட்டிருக்கிறது. அங்கே ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவும் நெடுஞ்சாலையில் அவர்களைக் காட்சிப்பொருளாக்கிய காணொளி 2012-இல் வெளிவந்து நாட்டையே தலைகுனிய வைத்தது. பின்னர் பாராடாங் தீவுக்கு அந்தக் காட்டைத் தொடாத கடல்வழி திறக்கப்பட்டது. இவ்வளவும் கப்பலின் பக்கம் நிற்கும் நியாயங்கள்.

ஆனால் மொத்தக் கணக்கு இல்லாவிட்டால் இந்த நன்மை கரைந்துவிடும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா சாட்சி. அங்கே பயணிகளைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் விரைவுப் படகுகளும் சிறு படகுகளும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குழுதான். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு கடற்கரையில் ஒரு நாளில் 5,000 பேர்வரை இறங்கினார்கள், பவளம் நொறுங்கியது. 2018 ஜூனில் மூடப்பட்ட விரிகுடா 2022 ஜனவரியில்தான் திறந்தது. அதற்குள் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன. இன்று படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, ஒரு வேளையில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, ஆண்டுதோறும் இரண்டு மாதங்கள் முழு அடைப்பும் உண்டு. ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகள் இன்னும் நுட்பமான பாடம். அங்கே ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது, ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. 2012 முதல் ஒரே கப்பல் இரண்டு வாரத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வரவும் கூடாது. கப்பல்களின் மொத்தப் படுக்கைகளுக்கும் உச்சவரம்பு உண்டு. உலகம் பாராட்டும் விதிகள் இவை. ஆனால் கரையில் எழுந்த விடுதிகளுக்கு அதே கண்டிப்பு இல்லாததால் 2023-இல் பயணிகள் மூன்று லட்சத்தைத் தாண்டினார்கள். ஒரு வாசலை மட்டும் பூட்டினால் கூட்டம் மறு வாசல் வழியாக வரும். அண்டார்க்டிகாவிலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையிறங்கலாம். 500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பலிலிருந்து யாரும் இறங்கவே கூடாது. காலணிகளைக் கழுவிய பிறகே கரை. ஆயினும் ஆண்டு மொத்தத்துக்கு வரம்பில்லாததால், 2023-24 பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கண்டத்தை நோக்கிப் போனார்கள்.

அந்தமானிலேயே சரியான வழிக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் 15 தீவுகள். ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்ற இரண்டு தீவுகளை மட்டும் பருவம் மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். ஒன்றில் பயணிகள் இருக்கும்போது மற்றொன்று ஓய்வெடுக்கிறது. ஜாலிபாய்க்குப் பிளாஸ்டிக் போக முடியாது. இந்த ஒழுங்கை மற்ற தீவுகளுக்கும் விரிக்க வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் அறிவியலாளர்கள் வகுத்த தினசரி வரம்பு, பவளத்தின்மேல் நங்கூரம் விழாதபடி நிலையான மிதவைகள், ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் கரையில் விளக்கில்லா இரவுகள் ஆகியவை அதன் அடிப்படை. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் ஓடும். கடலைவிடக் கரை வெளிச்சமாக இருந்தால் அது கரைப்பக்கம் ஓடிச் சாகும். லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட தோணியாமைகளைச் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பின்தொடர்ந்தபோது, சில ஆஸ்திரேலியாவையும் சில ஆப்பிரிக்கக் கரையையும் நோக்கி நீந்தின. ஒரு கரையில் எரியும் விளக்கு ஒரு பெருங்கடலின் உயிர்ச்சங்கிலியைத் தொடுகிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும், மூன்றும் மதிக்கத்தக்கவை. முதலாவது, வரம்பு வைத்தால் தீவு மக்களின் பிழைப்பு என்னாவது என்பது. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை 3,80,581. பத்தாண்டுக்குள் ஆண்டுப் பயணிகளின் எண்ணிக்கை அதை மிஞ்சிவிட்டது. பல குடும்பங்கள் நம்பியிருக்கும் இந்தச் சுற்றுலாத் தொழில், உயிருள்ள பவளத்தையும் தெளிந்த நீரையும் நம்பியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியதற்குப் பவளத்தை வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். அந்தப் பவளத்தை விற்றவர்களுக்கும் அது பிழைப்பாகத்தான் இருந்தது. மூலதனத்தைத் தின்று வாழும் பிழைப்பு அடுத்த தலைமுறைக்கு வராது.

இரண்டாவது, சிறு கப்பல் பயணம் பணக்காரர்களுக்கே வாய்க்கும், எல்டிசியில் போகும் குமாஸ்தா குடும்பத்துக்கு இல்லை என்பது. இது சரியான கவலை. பயணிக்கு இவ்வளவு எரிபொருள் என்று பார்த்தாலும் சொகுசுச் சிறு கப்பல்கள் பல நேரம் அதிகமாகவே எரிக்கின்றன. ஆகவே வரம்பைக் கட்டணத்தால் காக்கக் கூடாது, முறையால் காக்க வேண்டும். கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு வெளியுறவு அமைச்சகம் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. தீவுகளுக்கும் அது பொருந்தும். கட்டணம் வாங்கினாலும் அதை ஆளுக்கேற்ப வகுக்கலாம்: கலாபகஸில் 2024 முதல் வெளிநாட்டவர் பெரும்பாலோருக்கு 200 டாலர் கட்டணம், ஈக்வடார் நாட்டவருக்கு 30 டாலர்தான்.

மூன்றாவது, கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளுத்ததே, கிரேட் நிகோபாரில் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுக்கும் பெருந்திட்டம் வருகிறதே, இதற்கு நடுவே பயணிகளைக் கணக்கிட்டு என்ன பயன் என்பது. பெரிய கேடு இருப்பதால் சிறிய கேடு மன்னிக்கப்படுவதில்லை. சேறும் கழிவும் நங்கூரமும் தாக்காத பவளத்திட்டுக்கு வெப்பத்திலிருந்து மீளும் வாய்ப்பு கூடுதல். மேலும், ஒரு கடற்கரைக்கு வரம்பு உண்டு என்று ஏற்றுக்கொண்ட அரசிடம்தான், ஒரு தீவுக்கும் வரம்பு உண்டு என்று வாதாட முடியும்.

தில்லித் தமிழர்கள் இதில் செய்யக்கூடியவை உண்டு. எல்டிசி பயணத்தைத் திட்டமிடும்போது, படகில் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிற்காமல், அந்தத் தீவில் ஒரு நாளில் எத்தனை பேர் இறங்குகிறார்கள், கழிவு எங்கே போகிறது, நங்கூரம் எங்கே விழுகிறது என்றும் கேளுங்கள். விடை சொல்லாத நிறுவனத்தில் பதிவு செய்யாதீர்கள். தீவுத் திட்டங்களின் வரைவு அறிக்கைகள் கருத்துக் கேட்புக்கு வரும்போது ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள். லக்ஷ்மிபாய் நகரில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியின் மாணவர்களில் சிலராவது நாளை அந்த அமைச்சகத்தின் நாற்காலிகளில் அமரலாம். தீவுகளுக்கு எல்லை உண்டு என்பதை இன்றே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.