கைப்பேசிக்குள் ஓர் இலக்கணப் பாடம்: முத்து நெடுமாறனும் நம் விசைப்பலகையும்

ஆசிரியர்களே, உங்களிடம் ஆப்பிள் கணினி இருந்தால் அதன் எழுத்துரு பட்டியலைத் திறந்து பாருங்கள். 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஒரு பெயர் இருக்கும். அந்த 'எம்என்' யார் தெரியுமா? நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன்தான். மலையாளம், சிங்களம், கெமர், லாவோ எழுத்துருக்களிலும் அதே இரண்டெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது!

1985இல் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர் அவர். இணையம் பரவியபோது அது 'முரசு அஞ்சல்' ஆனது. அப்போதெல்லாம் ஓர் எழுத்துருவில் தட்டிய தேர்வுத்தாள் வேறு கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். மூத்த ஆசிரியர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது. 2005 பொங்கலின்போது 'செல்லினம்' வந்தது. தமிழே தெரியாத அன்றைய கைப்பேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அது வழி செய்தது.

சரி, வகுப்புக்கு வருவோம். பைராம் தோட்டத்துப் பக்கம் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளைகள்கூட, புலனத்தில் 'சாப்டியா' என்பதை ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறார்கள். செல்லினத்தில் இரண்டு வழி உண்டு. அஞ்சல் முறையில் ரோமன் எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும். சுலபம்தான். ஆனால் 'வெள்ளம்' எழுத நினைக்கும் பிள்ளை, ளகரத்துக்குப் பெரிய 'எல்' போட மறந்தால் 'வெல்லம்' ஆகிவிடும். ல, ள, ழ மயங்கும் பிள்ளைக்கு இது இன்னொரு சுமை.

மற்றது தமிழ் 99. இது அவர் வடிவமைத்தது அல்ல. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் தட்டிவிடலாம். க-வை அடுத்து இ-யைத் தட்டினால் 'கி'. உயிர்மெய் பிறக்கும் விதம் கண்முன்னே தெரிகிறது, பாருங்கள்! இன்னொன்று: 'தங்கம்' எழுத த, ங, க, ம, புள்ளி. ங-வுக்குப் புள்ளி தானாகவே விழும். ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளுக்கும் அப்படித்தான். நாம் கரும்பலகையில் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுக்கும் இன எழுத்துப் பாடம் இதுதானே?

தொடக்கத்தில் பிள்ளைகள் முனகுவார்கள், எழுத்தைத் தேடித் தடவுவார்கள். என்னைக் கேட்டால், படிவம் ஒன்றிலேயே தமிழ் 99இல் பழக்கிவிடலாம். அஞ்சல் முறை அவசரத்துக்கு இருக்கட்டும். செல்லினத்தில் தமிழ் 99ஐத் தேர்ந்துகொண்டு தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று என்று ஆறு சொல் சொல்வதெழுதுதல் வைத்துப் பாருங்கள். புள்ளி எங்கே தானாக விழுந்தது, ஏன் விழுந்தது என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள்.