ஆறணா முதலில் எழுந்த சங்கம்

கோபாலபுரம்: பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், இங்குள்ள சோதனைச் சாவடியைத் தாண்டி வரும் காலை பஸ்களில் கொத்துக்கரண்டியும் தூக்குச் சட்டியுமாகக் கொத்தனார்களைக் காணலாம். எல்லைக்கு இப்பால் எழும் வீடுகள் பலவற்றில் தமிழனின் வியர்வை கலந்திருக்கிறது. ஆனால், தானே மனை வாங்கி, வீடு கட்டி விற்ற மேஸ்திரிகள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். தொழில் தெரியாததாலா? இல்லை, கையில் முதல் இல்லாததால்.

பட்டா எங்கே?

கட்டி விற்பவர்கள் மனை வாங்குவதற்கு வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டடத்திற்குத்தான் கடன், அதற்கும் ஈடு காட்ட வேண்டும். பாட்டன் சொத்து உள்ளவருக்கு இது எளிது. எஸ்டேட் லயத்திலும் புறம்போக்குக் குடிசையிலும் பிறந்தவர் பட்டாவுக்கு எங்கே போவார்? அரசு வேலையை டெண்டர் எடுத்தாலும், முன்கூட்டியே டெபாசிட் கட்ட வேண்டும். பில் பாஸாகும் வரை சிமெண்டும் கூலியும் கைக்காசுதான். கடைசியில் கந்துவட்டிக்காரர் வாசல். லாபம் வட்டிக்குப் போகிறது. மேஸ்திரி மறுபடி கூலிக்குப் போகிறார்.

வடகரையில் ஒரு வழி

இதே முட்டுக்கட்டையை நூறாண்டுகளுக்கு முன் உடைத்தவர்கள் கேரளத்திலேயே இருக்கிறார்கள். வடகரைப் பகுதியில், சமூக சீர்திருத்தவாதி வாக்படானந்தரைப் பின்பற்றிய கூலித் தொழிலாளர்களுக்கு நிலக்கிழார்கள் வேலையும் கடனும் மறுத்தனர். 1925-ல் 14 பேர் கூடி ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அன்று அவர்களது முதல் ஆறணா, அதாவது 37 காசு!

சிறு சிறு வேலைகளில் தொடங்கிய சங்கம் இன்று பாலங்களும் நெடுஞ்சாலைகளும் போடுகிறது. கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்தைப் புதுப்பித்துக் கட்டிய வேலை 2021-ல் முடிந்தது. 2016-ல் கோழிக்கோட்டில் சொந்தமாகவே சைபர் பார்க் திறந்தது. கூலியாக இருந்தவர்கள் கட்டட உரிமையாளர்களாகிவிட்டனர்! வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவில் வீடிழந்தோருக்காகக் கல்பற்றாவில் 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட நகரியமும் இவர்கள் பொறுப்பே. ஏழு சென்ட் மனையில் ஆயிரம் சதுர அடி வீடு.

ரகசியம் என்ன?

தொழிலாளரே பங்குதாரர், நிர்வாகக் குழுவும் அவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது. லாபம் வெளியாருக்குப் போகாமல் தொழிலில் திரும்புகிறது. பொதுமக்களும் நம்பி டெபாசிட் போடுகிறார்கள். நிலம் ஈடாகாத இடத்தில் நாணயம் ஈடாகிறது.

நம்மவர்கள் மாதச் சீட்டுப் போடத் தயங்குவதில்லை. ஆனால் சீட்டை எடுத்தவர் வீட்டோடு பணம் போய்விடுகிறது. சங்கத்துப் பங்குப் பணமோ அங்கேயே தங்கிப் பெருகும். இருபது கொத்தனார்கள் கூடி ஒரு சிறு வீட்டையாவது தங்கள் பெயரில் எழுப்ப இது ஒரு தொடக்கம்.

எச்சரிக்கையும் தேவை. திருச்சூர் மாவட்டம் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் 2021-ல் வெளிப்பட்ட மோசடி, கூட்டுறவு என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது என்று காட்டியது. கணக்கை மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். கேட்கும் தைரியம் உறுப்பினருக்கு வேண்டும்.

கரண்டி பிடிக்கும் கை பேனாவும் பிடித்து வரவு செலவு எழுதினால், அடுத்த தலைமுறை மேஸ்திரி கூலி கேட்டு நிற்க மாட்டார். வீட்டுச் சாவியைக் கொடுத்துப் பணம் வாங்குவார்.