வாரம் ஒரு நாள் சைக்கிளில் ஏரிச்சுற்று: இன்பமும் உண்டு, பயனும் உண்டு

"உடையவன் பாராத பயிர் உருப்படாது" என்பது பழமொழி. இன்றைய விவசாயி பயிரைப் பார்க்காமல் இல்லை. மோட்டார் சைக்கிளில் வருகிறார், பம்புசெட் சுவிட்சைப் போடுகிறார், தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். ஆனால் அடுத்த வயலும், மேல் மதகும், கடைமடையும் எப்படி இருக்கின்றன என்பது அவர் கண்ணில் படுவதில்லை. உத்திரமேரூர் வட்டாரம் போன்ற ஏரிப்பாசனப் பகுதியில் இது சிறிய குறையன்று. ஓர் ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் ஒரே நீரை நம்பியது. ஒரு வயலில் கண்ட பூச்சி கவனிக்காமல் விட்டால் அடுத்தடுத்த வயல்களுக்கும் பரவும்.

இக்குறையைத் தீர்க்கும் கருவி பல வீடுகளின் தாழ்வாரத்தில் சும்மா நிற்கிறது. அதுதான் சைக்கிள். ஞாயிறுதோறும் சென்னை போன்ற நகரங்களிலிருந்து பலர் கிராமப்புறச் சாலைகளைத் தேடிச் சைக்கிளில் வருகிறார்கள். அவர்கள் தேடிவரும் பசுமையும் நிழலும் ஏரிக்காற்றும் நம் விவசாயிக்கு வாசலிலேயே இருக்கின்றன. அவருக்குக் கூடுதலாக ஒரு பயனும் உண்டு. போகும் வழியெல்லாம் அவருக்குத் தெரிந்த பயிர்.

பார்ப்பதற்கு ஏற்ற வேகம்

நடந்தால் மணிக்கு நான்கைந்து கிலோ மீட்டர் போகலாம். சைக்கிளில் பெரிய களைப்பின்றி 12 முதல் 15 கிலோ மீட்டர் போகலாம். காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கினால், நின்று பார்க்கும் நேரம் போக, 20 கிலோ மீட்டருக்குக் குறையாமல் சுற்றலாம். எஞ்சின் ஓசை இல்லாததால் மதகில் நீர் கசியும் ஒலியும் காதில் விழும். நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம். எதிரே வருபவரோடு பேசலாம். பெட்ரோல் செலவு இல்லை.

புதிய வண்டி வாங்க வேண்டும் என்பதில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்கு அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் உள்ளது. பெண்களும் இதில் கலந்துகொள்ளலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அவர்களில் விவசாயக் கூலிப் பெண்களும் குவாரித் தொழிலாளர்களும் இருந்தனர்.

ஏரிக்கரை என்னும் உயர்ந்த இடம்

முதற்சுற்றுக்கு ஏற்றது ஏரிக்கரையே. உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்தது. கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனப்படுகிறது. ஊரின் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டதை அவை கூறுகின்றன. பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்றும் விதி இருந்தது. ஏரியைச் சுற்றி வரும் விவசாயி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார் செய்த வேலையையே செய்கிறார் எனலாம்.

கரையில் வண்டித்தடம் உள்ள இடத்தில் ஓட்டியும், இல்லாத இடத்தில் தள்ளிக்கொண்டும் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் கரை வழுக்கும். அப்போது தள்ளிச் செல்வதே நலம்.

கரைமேலிருந்து பார்த்தால் ஆயக்கட்டு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். ஒரே பருவத்து நெல்லில் சில வயல்கள் மட்டும் வெளிறியிருந்தால், தழைச்சத்துக் குறைபாடோ வேறு சத்துக் குறைபாடோ இருக்கலாம். வட்ட வட்டமாகத் தீய்ந்தாற்போல் காய்ந்திருந்தால் புகையான் என்று ஐயப்பட வேண்டும். அவ்வயலில் இறங்கித் தூர்களின் அடிப்பகுதியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூருக்கு ஒரு பூச்சி வீதம் இருந்தால் கட்டுப்பாட்டு நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் காணப்பட்டால், தூருக்கு இரண்டு பூச்சிகள் வரும்வரை பொறுக்கலாம். யூரியாவை அளவுக்கு மீறி இட்ட வயலிலும், நெருக்கி நட்ட வயலிலும் புகையான் மிகும். இரண்டரை மீட்டருக்கு ஒரு முறை 30 செ.மீ. இடைவெளி விட்டு நட்ட வயல் வழியில் தென்பட்டால், அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பாடம்.

இலை வண்ண அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நலம். நட்ட 14 ஆம் நாள் முதல் பூக்கும் தருணம் வரை வாரம் ஒரு முறை இலையின் நிறத்தை ஒப்பிட வேண்டும் என்பதே பரிந்துரை. வாரந்தோறும் செய்யும் சைக்கிள் சுற்று இதற்கு மிகவும் பொருந்தும்.

கரையில் கவனிக்க வேண்டியவை

கரையின் வெளிச்சரிவில் நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். தெளிந்த நீராயின் தொடர்ந்து கவனித்து வந்தால் போதும். சேறு கலந்து வந்தால் கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். உடனே தெரிவிக்க வேண்டும். எலி, நண்டு வளைகளும், கரையில் வேரூன்றிய சீமைக் கருவேல மரங்களும் கரையைப் பலவீனப்படுத்தும். மதகின் அடைப்புப் பலகை, கலங்கலின் கட்டுமானம், வரத்துக்காலில் சேர்ந்த குப்பை, மண்மேடு ஆகியவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தெரிவிப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். பொதுவாக 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. "ஏரி பழுது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இரண்டாம் மதகுக்குத் தெற்கே நூறு அடியில் கசிவு" என்று சொன்னால் வேலை விரைவில் நடக்கும். நேரில் பார்த்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

வேடந்தாங்கல் வரை

உடல் பழகிய பின் நீண்ட பயணம் போகலாம். அண்டை மாவட்டமான செங்கல்பட்டில் உள்ள வேடந்தாங்கலுக்குக் காலையில் கிளம்பினால் ஒரே நாளில் போய்வரலாம். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடும் காலம். அங்குள்ளதும் பாசன ஏரியே. பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்பதை அனுபவத்தில் அறிந்த அவ்வூர் விவசாயிகள், தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்துள்ளனர். பறவைகளைச் சுடுவதை அவர்கள் எதிர்த்ததால், 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மரக்கிளையில் கூடு கட்டி வாழ்வதைப் பார்த்துக்கொண்டு கட்டுச்சோறு உண்பது எந்த விவசாயக் குடும்பத்துக்கும் நல்ல ஓய்வு.

புறப்படுமுன்

டயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். இரு பிரேக்குகளையும் சோதிக்க வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீளுமாறு இருக்கையின் உயரத்தை அமைத்தால் முழங்கால் வலிக்காது. காலை ஆறு மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்புவது நலம். குடிநீர், தலைக்குத் துண்டு, நான்கு கடலை உருண்டை போதும். பேருந்தும் லாரியும் ஓடும் பெருஞ்சாலையைத் தவிர்த்து ஊர்ச் சாலைகளில் செல்ல வேண்டும். இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியே செல்வதைவிட, தலைமடைக்காரர் ஒருவரும் கடைமடைக்காரர் ஒருவருமாக நாலைந்து பேர் சேர்ந்து செல்வது சிறந்தது. தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே எட்டவில்லை என்பதை இருவரும் ஒன்றாகப் பார்த்துவிட்டால் மதகடிச் சண்டை பாதி குறையும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் செப்டம்பரில் குறைந்தது நான்கு ஞாயிறுகள் உண்டு. முதல் ஞாயிறு வரத்துக்கால், இரண்டாம் ஞாயிறு கரை, மூன்றாம் ஞாயிறு மதகும் கலங்கலும் என்று பிரித்துக்கொள்ளலாம். நான்காம் ஞாயிறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், பிடித்த சாலையில் பிடித்த தூரம் போய்வரலாம்.