சொட்டு நீரும் பங்குக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் வளரும் வாழையும் முந்திரிகையும் அந்த நீரையே நம்பியுள்ளன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கரையோரக் கிணறுகள் உவராகும் என்பதும் எவரும் அறியாததல்ல. இருந்தும், சொட்டு நீர்ப்பாசனம் என்றால் பல தோட்டக்காரர் தயங்குகிறார்கள்.

இதைப் பிடிவாதம் என்று சொல்ல நாம் விரும்பவில்லை. துலா மிதித்தவர்களின் பிள்ளைகளே இறைப்பு யந்திரத்தை வாங்கினார்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெய் அரிதான காலத்திலும் தோட்டத்தைக் கைவிடாதவர்கள் இவர்கள்.

சிக்கல் கிணற்றில் இருக்கிறது. தோட்டக் கிணறுகளிற் பல பங்குக் கிணறுகள். உறுதியில் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று எழுதியிருக்கும். அதற்கேற்ப இறைப்பு முறை வரும். முறை நாளில் பாத்தி நிறைய விட்டால், அடுத்த முறைவரை அந்த ஈரத்தில் வாழை நிற்கும். சொட்டு நீர்க் குழாயோ நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கேட்பது. முறையில்லாத நாளில் இறைத்தால் பங்காளி சும்மா இருப்பாரா? தொட்டி கட்டலாம்தான். ஆனால் குத்தகைக் காணியில் யார் காசைப் புதைப்பார்?

சுண்ணாம்பு நீரின் தொல்லையும் உண்டு. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் குழாயின் சிறு துளைகளையும் அடைக்கிறது. கரைந்துள்ள சுண்ணாம்பை வடி தடுக்காது; இடைக்கிடை ஐதான அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். குழாய் விற்பவர் இதைச் சொல்லாமல் விடுவது நல்லதல்ல.

“விட்ட தண்ணி திரும்பக் கிணத்துக்குத்தானே போகுது” என்பது இன்னொரு வாதம். பாதி உண்மை. ஆனால் அந்தத் தண்ணீருடன் யூரியாவும் அல்லவா இறங்குகிறது! குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. கொதிக்க வைத்தாலும் அது போகாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே, முன்னோடி என்று ஒருவருக்கு மட்டும் குழாய் கொடுப்பதை நாம் ஏற்கவில்லை. விவசாயப் போதனாசிரியர் ஒரு கிணற்றின் பங்காளிகள் எல்லோரையும் கூட்டி இருத்த வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வரும் முறையைத் தினம் ஒரு மணித்தியாலமாகப் பிரிக்கலாமா? தொட்டி எவர் காணியில்? கழுவும் செலவு யாருடையது? இவை பேசி முடிந்த பிறகு குழாய் வாங்கலாம்.