காற்றாலைச் சில்லு கூரையில் சுழலுமா?

"அண்ணை, ஒரு சாமான் வாங்கிப்போட்டன். கணக்கில இதை என்னெண்டு போடுறது?"

டூட்டிங்கில் தச்சுப் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற வருடம் தொலைபேசியில் கேட்டது இது. கென்ட் பக்கத்துப் பண்ணையொன்றில் பழைய இரும்புச் சாமான்கள் விற்றபோது, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த காற்றாலை ஒன்றின் சில்லை வாங்கி வந்திருந்தார். எட்டடி விட்டம், பதினெட்டுத் தகடுகள், நிறையத் துரு. அதைப் பட்டறைக் கூரையில் மின்விசிறியாகத் தொங்கவிடப் போவதாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. 2022 ஆடி 19ஆம் திகதி இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. இந்நாட்டில் அளக்கப்பட்ட ஆகக்கூடிய வெப்பம் அதுதான். அந்த வாரம் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்த வயதான ஒருவர் அவருடைய பட்டறையில் மயங்கி விழுந்தார். வேலையிடத்தில் இத்தனை பாகைக்கு மேல் போகக்கூடாது என்ற உச்ச வரம்பு பிரித்தானியச் சட்டத்தில் இல்லை. 1992ஆம் ஆண்டு விதிகள் வெப்பநிலை "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கின்றன. எது நியாயம் என்பது முதலாளியின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

காற்றாலை என்றால் டூட்டிங்வாசிகளுக்கு நினைவுக்கு வருவது வேறு. விம்பிள்டன் பொதுவெளியில் 1817இல் கட்டியது நிற்கிறது, பிரிக்ஸ்டனில் 1816இன் ஆலை நிற்கிறது. இரண்டும் மாவு அரைத்தவை. வான்ட்ஸ்வேர்த் பொதுவெளியில் அடிப்பாகம் மட்டும் மிஞ்சியிருப்பது, 1837இல் ரயில் பாதைக்கு வெட்டிய பள்ளத்தின் தண்ணீரை இறைக்க எழுப்பியது. நண்பரின் சில்லோ அமெரிக்கப் பரம்பரை. 1854இல் டானியல் ஹாலடே தொடங்கிவைத்த வகை. பிறகு தோமஸ் பெரி என்ற பொறியியலாளர் 1880களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்து, மரப்பலகையை விட வளைந்த உலோகத் தகடே சிறந்தது என்று கண்டார். 1888இல் சிக்காகோவில் ஏர்மோட்டர் நிறுவனம் அந்தக் கண்டுபிடிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்திலும் இதன் உறவினர்கள் உண்டு. 1970களின் பிற்பகுதியில் இலங்கை நீர்வளச் சபை நெதர்லாந்து உதவியுடன் நீரிறைக்கும் காற்றாலை செய்தது. ஆரோவில்லிலும் பல தகடுகள் கொண்ட ஒன்றை வடிவமைத்தார்கள். மின்பம்பி வந்ததும் இவை பல இடங்களில் ஓய்ந்துபோயின.

இனி விசயத்துக்கு வருகிறேன். பம்பிக் கம்பியை நின்ற நிலையிலிருந்து இழுத்துத் தூக்குவதற்கு மெல்லிய காற்றிலும் பெரிய திருப்புவிசை வேண்டும். அதற்காகத்தான் இத்தனை தகடுகள். ஆகவே இது மெதுவாகச் சுழலும் பிராணி. எட்டடிச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ ஏழரை மீற்றர். நிமிடத்துக்கு 40 சுற்று என்றால் தகட்டின் நுனி மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் போகும். வீட்டிலுள்ள நாலடி மின்விசிறி 300 சுற்றில் ஓடும்போது அதன் நுனி 68 கிலோமீற்றரில் போகிறது. ஆனால் சில்லு மூடும் பரப்பு அதைப்போல நான்கு மடங்கு. பெரிய பரப்பில் காற்றை மெதுவாக நகர்த்துவதுதான் இதன் பலம். வேகத்தைக் கூட்ட ஆசைப்படக்கூடாது. சுற்றை இரட்டித்தால் மின்வலு எட்டு மடங்கு கேட்கும், பழைய தறையாணிகள் மீதான இழுவையும் நான்கு மடங்காகும்.

நண்பர் சறுக்க இருந்த இடம் வேறு. வயலில் காற்று சில்லைத் தள்ளுகிறது, பட்டறையில் சில்லு காற்றைத் தள்ள வேண்டும். தகட்டின் குழிந்த பக்கம் வயலில் காற்றை நோக்கி நிற்கும். அந்தப் பக்கத்தை மேலே வைத்து, வயலில் சுழன்ற திசையிலேயே சுழற்றினாலும் காற்று கீழேதான் வரும். ஆனால் தகட்டின் முதுகால் தள்ளுவதால் வலுக் குறைவு. அகப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக் குழம்பு அள்ளுவது போல. குழிந்த பக்கம் நிலத்தைப் பார்க்க வேண்டும், சுழற்சி வயலில் இருந்ததற்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். இதை நாங்கள் படத்தில் வாதாடித் தீர்க்கவில்லை. சில்லைத் தாங்கியில் நிறுத்திக் கையால் சுழற்றி, ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தோம்.

பாரம் அடுத்த பிரச்சினை. வீட்டு மின்விசிறி ஐந்தாறு கிலோ, இது எழுபது. வயலில் அச்சு படுத்திருக்கும், சில்லின் பாரம் அச்சுக்குக் குறுக்கே விழும். கூரையில் அச்சு நிமிர்ந்து நிற்கும், முழுப் பாரமும் ஒரே நட்டில் தொங்கும். எனவே பழைய பெயரிங் உதவாது, நெடுக்குப் பாரம் தாங்கும் வகை வேண்டும். நட்டுக்குப் பூட்டுமுள் வேண்டும். அது போனாலும் சில்லு விழாதபடி மேற்சட்டத்தில் கட்டிய உருக்குக் கயிறும் வேண்டும்.

சமநிலை பார்ப்பது எங்களுக்குத் தெரிந்த வேலைதான். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். கவிழ்ந்த சைக்கிளின் சில்லைத் தட்டிவிட்டால் காற்றடிக்கும் வால்வு கீழே வந்து நிற்கும், ஏனென்றால் பாரம் அங்கே. இதுவும் அப்படியே. நிறுத்திவைத்துச் சுழலவிட்டு, எப்போதும் கீழே வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே சிறு இரும்புத் துண்டுகளைப் பூட்டினோம். நான்கு மாலைகள் எடுத்தன. நாகம் பூசிய தகட்டில் ஒட்டுவேலை செய்தால் வரும் புகை காய்ச்சல் தரும், பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். அதனால் எல்லாம் ஆணி பூட்டும் வேலையாகவே செய்தோம்.

மோட்டார் அரைக் குதிரைவலு. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்று ஓடும். முப்பதுக்கு ஒன்றான பற்சக்கரப் பெட்டி அதை 47 ஆக்கும். வேகக் கட்டுப்படுத்தி அதையும் குறைத்து, மெல்ல மெல்லப் புறப்பட வைக்கும். மின்னிணைப்பைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடம் விட்டோம். வீட்டு மின்விசிறியின் தகடு தரையிலிருந்து 2.3 மீற்றராவது உயர இருக்க வேண்டும் என்பது தரவிதி. பலகை தூக்கும் இடத்தில் அது போதாது, இங்கே மூன்றரை மீற்றர்.

பிறகுதான் கட்டமைப்புப் பொறியியலாளர் வந்தார். கூரைச் சட்டம் தாங்காது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். நிலத்திலிருந்து நான்கு உருக்குத் தூண்கள், மேலே குறுக்குச் சட்டம். அந்தச் செலவோடு கணக்கைக் கூட்டினால் புதிய பெரிய மின்விசிறி ஒன்றை வாங்கியிருக்கலாம். கணக்காளனாக அதைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன். "தெரியும் அண்ணை" என்றார். சில்லையும் மோட்டாரையும் இயந்திரம் என்ற தலைப்பில் எழுதினேன். பாவித்த பொருள் என்றாலும் வருடாந்த முதலீட்டுக் கழிவு கிடைக்கும், முழுச்செலவுக் கழிவுதான் புதியவற்றுக்கு மட்டும்.

இன்னொன்றையும் சொன்னேன். விசிறி காற்றைக் குளிராக்காது, வியர்வையை உலர்த்தும், அவ்வளவுதான். வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் விசிறியை நம்பவேண்டாம் என்பதே இங்குள்ள சுகாதார அறிவுரை. அப்படியான நாளில் வேலையை விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி மதியத்துடன் முடிப்பதாக ஒப்புக்கொண்டு, சுவரில் எழுதியும் ஒட்டினார்.

முதல்நாள் ஓட்டியபோது முப்பத்தைந்து சுற்றில் நிறுத்தி வைத்தோம். சத்தமே இல்லை. ஆனால் கூரைச் சட்டங்களில் பல வருடமாகப் படிந்திருந்த மரத்தூள் முழுவதும் எங்கள் தலையில் கொட்டியது. மரத்தூள் நெஞ்சுக்குள் போவது நல்லதல்ல என்பதால் உடனே நிறுத்தினோம். அடுத்த இரண்டு நாளும் உறிஞ்சி இயந்திரத்தோடு கூரை துப்புரவு. மயங்கி விழுந்தவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.